எடையும் இடையும்: ஜாசின் தோட்டத் தமிழரும் இரண்டாம் வகை நீரிழிவும்

நூல்கள் நீரிழிவு என்றும் மலேசியத் தோட்டப்புற மக்கள் இனிப்பு நீர் என்றும் குறிப்பிடும் நோயின் வகைகளுள் பெரியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது இரண்டாம் வகை. கணையம் இன்சுலினைச் சுரந்தாலும் தசையும் கல்லீரலும் அதற்குச் சரிவர இணங்காமையால் குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குவதும், அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரந்து சுரந்து கணையமே நாளடைவில் தளர்ந்துபோவதும் இதன் இயல்பு. மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திவரும் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் நீரிழிவு உள்ளவர்கள் 2006இல் 11.6 விழுக்காடாகவும் 2019இல் 18.3 விழுக்காடாகவும் 2023இல் 15.6 விழுக்காடாகவும் இருந்தனர். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அந்த அளவு 31.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். அதே ஆய்வில் தொப்பை மிகுந்தோர் விகிதமும் இந்தியர்களிடமே மிக உயர்ந்திருந்தது.

இவ்வெண்களுக்குப் பொதுவாக இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. இது பரம்பரை நோய், தப்ப வழியில்லை என்பது ஒன்று. உண்பவரின் கட்டுப்பாடின்மையே காரணம், எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு உண்டெனினும், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தைப் போன்ற தோட்டப்புறப் பகுதிகளின் வரலாற்றையும், இந்திய உடல்வாகு பற்றிய ஆய்வுகளையும், சென்னையில் நடந்த தடுப்புச் சோதனைகளின் முடிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, இவ்விரு விளக்கங்களும் போதாதவை என்பது தெளிவாகிறது.

உழைப்பு ஒழிந்து உணவு நின்றது

மலாயாவின் வணிக ரப்பர்ப் பயிர் மலாக்காவில்தான் வேரூன்றியது. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டதும், அதைத் தொடர்ந்து ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்ததும் அவ்வரலாற்றின் தொடக்கம். அடுத்த சில பத்தாண்டுகளில் கங்காணி முறையிலும் பிற வழிகளிலும் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஜாசின் லாலாங், கெமெண்டோர், செர்காம், டைமண்ட் ஜூபிலி முதலிய தோட்டங்களில் லயன்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் குடியமர்ந்தனர். தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அக்குடியேற்றத்தின் சுவடாக விளங்குகின்றன.

பால்மரம் வெட்டுவோரின் நாள் விடியுமுன், பெரட்டு எனப்படும் ஆள்கணக்கு எடுக்கும் களத்தில் தொடங்கியது. காலைக் குளிரில்தான் மரத்தில் பால் நன்கு வடியும் என்பதால் இருட்டிலேயே நிரை எனப்படும் மரவரிசைக்குச் சென்று, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மீண்டும் அதே நிரையில் நடந்து மங்குகளில் நிறைந்த பாலைச் சேர்த்து, வாளிகளைக் காண்டா என்னும் தோள்கம்பில் கட்டிச் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோகும் வேலையில் ஆணும் பெண்ணும் ஒருசேர ஈடுபட்டனர். அத்தகைய உழைப்புக்கு ஏற்ற உணவாகவே சோறு மிகுந்தும் கறி குறைந்தும் அமைந்த தட்டும், இனிப்பு மிகுந்த கோப்பியும் நிலைபெற்றன; குறைந்த கூலியில் வயிற்றை நிறைக்கவும் உடலுக்கு வேகமாகச் சக்தி தரவும் அவையே எளிய வழிகளாக இருந்தன.

அன்று தோட்டங்களை வாட்டிய நோய்கள் வேறு. மலேரியாவும் கொக்கிப்புழுவும் பெரிபெரியுமே மருத்துவர்களின் கவலையாக இருந்தன. அவற்றுள் பெரிபெரியின் வரலாறு இக்கட்டுரையோடு நேரடியாகத் தொடர்புடையது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில், தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடம் அந்நோய் மிகுந்திருந்ததையும், புழுங்கலரிசியை உண்ட தமிழர்களிடம் அது அரிதாக இருந்ததையும் எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கித் தங்கிவிடுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கியது. தோட்டத் தமிழரின் உடல்நலத்தை அரிசியின் அளவோடு அதன் பக்குவமும் தீர்மானித்தது என்பதற்கு இது மிகப் பழைய சான்று. அந்தப் புழுங்கலரிசியின் இடத்தைப் பல குடும்பங்களில் பின்னர் வெள்ளைப் பச்சரிசி பிடித்துக்கொண்டது.

1970களுக்குப் பின் ரப்பர் சரிந்து செம்பனை பரவியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் மறைந்தன. செம்பனைக் குலை வெட்டும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குச் சென்றது. லயன்களைவிட்டு ஜாசின், மெர்லிமாவ், பெம்பான் போன்ற ஊர்களின் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை, ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் முதலிய தொழிற்பேட்டைகளிலும் லாரி ஓட்டுவதிலும் காவல் பணியிலும் இடம்பெற்றது. நடந்து செய்த வேலை நின்றபடியோ உட்கார்ந்தபடியோ செய்யும் வேலையாயிற்று. ஆனால் சோற்றின் அளவும் கோப்பையின் இனிப்பும் மாறவில்லை. மொரிஷியஸ், பிஜி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என இந்தியர்கள் தோட்ட வேலைக்குச் சென்ற பிற நாடுகளிலும் அவர்களின் வழித்தோன்றல்களிடம் நீரிழிவு மிகுந்திருப்பதை நோக்கும்போது, இது ஓர் ஊரின் பழக்கக் குறைபாடாக மட்டும் இருக்க முடியாது என்பது புலனாகும்.

மெலிந்த உடலில் ஒளிந்த கொழுப்பு

உடல் எடையை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் அளவுகோல் உடல் நிறைக் குறியீடு. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பதே இவ்வெண். ஐரோப்பியருக்கு 25க்கு மேல் மிகை எடை என்றும் 30க்கு மேல் உடற்பருமன் என்றும் வகுக்கப்பட்ட எல்லைகள் ஆசியருக்குப் பொருந்தாதவை என்பதை ஏற்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் 23, 27.5 ஆகிய எண்களைக் கவனத்துக்குரிய எல்லைகளாகப் பரிந்துரைத்தது; மலேசிய மருத்துவ வழிகாட்டிகளும் அவற்றையொட்டியே வகுக்கப்பட்டன.

இந்த வேறுபாட்டின் காரணத்தைப் புணேயைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் சித்தரஞ்சன் யாஜ்னிக் நுட்பமாக விளக்கினார். அவரும் லண்டன் அறிஞர் ஜான் யட்கினும் 2004இல் தம் இருவர் உடலையும் ஒப்பிட்டு வெளியிட்ட குறிப்பில், இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3 என ஒன்றாகவே இருக்க, யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடாகவும் யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடாகவும் இருந்தது. தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் அமையும் இவ்வுடல்வாகு இந்தியக் குழந்தைகளிடம் பிறப்பிலேயே காணப்படுவதை அவருடைய ஆய்வுகள் காட்டின. கருவில் இருக்கும்போது ஊட்டம் குன்றிய குழந்தை பிற்காலத்தில் மிகையான உணவை எதிர்கொண்டால் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது என்னும் கருத்து, தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுடன் உழைத்த தோட்டத் தாய்மாரின் பேரப்பிள்ளைகளைக் குறித்துச் சிந்திக்கத் தூண்டுவது.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே தங்குகிறது என்பது முதன்மையானது. தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. குடலைச் சூழ்ந்தும் கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் படியும் கொழுப்பே இன்சுலினுக்கு உடல் இணங்காமல் போவதற்கும் சுரப்பு குன்றுவதற்கும் வழிவகுக்கிறது. ஆகவே எடைக்கருவி காட்டும் எண்ணைவிட இடையின் சுற்றளவு பல வேளைகளில் உண்மையை நெருங்கிக் காட்டும். ஆசிய ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் எல்லை எனக் கொள்ளப்படுகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சைவிட்ட நிலையில் அளவு நாடாவைச் சுற்றி எடுக்கும் இவ்வளவுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஒருவர், தாம் பருமனானவர் அல்லர் என்று எண்ணிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கு இடம் தருவது, எடையை மட்டுமே பேசும் அறிவுரையின் பெருங்குறை.

தடுப்புச் சோதனைகள் காட்டிய முடிவுகள்

நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பது இரத்தச் சர்க்கரை இயல்பைக் கடந்தும் நோய் எல்லையைத் தொடாமலும் நிற்கும் காலம். அந்நிலையில் இருப்பவர்களை வைத்து நடந்த முதற்பெரும் சோதனைகளுள் ஒன்று சீனாவின் தாசிங் நகரில் 1986இல் தொடங்கியது. அங்கு 577 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்ததில், உணவாலும் உடற்பயிற்சியாலும் நோய் தோன்றும் வாய்ப்பு 31 முதல் 46 விழுக்காடு வரை குறைந்தது. 2001இல் பின்லாந்தும் 2002இல் அமெரிக்காவும் வெளியிட்ட முடிவுகள் இரண்டிலும் அந்தக் குறைவு 58 விழுக்காடாக இருந்தது. 3,234 பேர் பங்கேற்ற அமெரிக்கச் சோதனையின் இலக்கு, உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை இயக்குவதும் ஆகும்; அதில் மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை தந்த பயன் 31 விழுக்காடே. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து ஏறத்தாழ 16 விழுக்காடு தணிந்தது என்ற பிற்காலக் கணக்கீடு, எடைக் குறைப்பே தடுப்பின் திறவுகோல் என்னும் கருத்தை நிலைநாட்டியது.

ஆனால் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான சான்று வேறொரு பாடத்தைத் தருகிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் 531 பேர் பங்கேற்றனர். அமெரிக்கச் சோதனையில் பங்கேற்றோரின் சராசரி உடல் நிறைக் குறியீடு 34ஆக இருக்க, சென்னையில் அது 26ஐ ஒட்டியே இருந்தது. எனினும் சிறப்பு அறிவுரை ஏதும் பெறாத குழுவில் மூன்றே ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். வாழ்க்கைமுறை மாற்றத்தைக் கடைப்பிடித்த குழுவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. அதாவது ஆபத்து 28.5 விழுக்காடு தணிந்தது. மெட்ஃபார்மின் தந்த பயனும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் சேர்த்துக் கையாண்டபோது கூடுதல் பயன் விளையவில்லை. இவற்றையெல்லாம்விடக் கருதத்தக்கது, வாழ்க்கைமுறைக் குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையாமலேயே இப்பயன் கிட்டியது என்பது. அவர்களுக்குச் சொல்லப்பட்டவை எளியவை: மொத்த உணவையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்தல், சர்க்கரையைத் தவிர்த்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல், நாளும் அரைமணி நேரமாவது நடத்தல். உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களிடம் தனிப் பயிற்சி கேட்கப்படவில்லை. செய்துவந்ததை விடாமல் செய்யும்படி மட்டுமே கூறப்பட்டது.

அதே ஆய்வாளர் குழு 2013இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே உணவு, நடை பற்றிய நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் அக்குழுவில் 18 விழுக்காட்டினரும் மற்றக் குழுவில் 27 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். ஒரு வகுப்புக்கு வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர்களுக்கு இவ்வழி பொருத்தமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் எடைக்குப் பொருளில்லை என்று கொள்வது தவறு. பிரிட்டனில் 2018இல் வெளியான டைரக்ட் சோதனையில், ஏற்கெனவே நோயுற்றவர்களுள் 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர் மருந்தின்றியே நோய் எல்லைக்குக் கீழே வந்தனர். கல்லீரல், கணையக் கொழுப்பு கரைந்ததே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. பசியைத் தணித்து எடையைக் குறைக்கும் செமாகுளூட்டைட் போன்ற புதிய ஊசி மருந்துகளும் பயன் தருகின்றன. ஆயினும் அவற்றின் விலையும், நிறுத்தினால் எடை திரும்பும் தன்மையும் அவற்றை ஓர் ஊர் முழுவதற்குமான தீர்வாக ஆகவிடுவதில்லை. பருமனானவருக்கு எடைக் குறைப்பு பெரும்பயன் தரும். எடை சற்றே மிகுந்து தொப்பையுடன் இருப்பவருக்கோ, எடைக்கருவியின் முள் அசையாவிட்டாலும் உணவையும் இயக்கத்தையும் மாற்றுவதால் பயன் உண்டு என்பதே இச்சான்றுகளை இணைத்துப் பார்க்கையில் கிட்டும் முடிவு. இரண்டு மாதம் முயன்றும் எடை இறங்கவில்லை என்று மனம் தளர்ந்து பழைய வழிக்குத் திரும்புபவர்கள் அறிய வேண்டிய செய்தியும் இதுவே.

தட்டும் கோப்பையும்

21 நாடுகளில் 1,32,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020இல் வெளியான பியூர் ஆய்வு, நாளொன்றுக்கு 450 கிராமுக்குக் குறையாமல் வெள்ளைச் சோறு உண்பவர்களை 150 கிராமுக்கும் குறைவாக உண்பவர்களோடு ஒப்பிட்டது. நீரிழிவு ஆபத்து எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்க்கையில் 20 விழுக்காடும், தென்னாசியாவில் 61 விழுக்காடும் மிகுந்திருந்தது. மலேசியத் தமிழ் வீடுகளில் இன்று பொன்னி புழுங்கலரிசி இனிப்பு நீர்க்காரர்களுக்கு ஏற்றது என்னும் நம்பிக்கை பரவியிருப்பது முற்றிலும் அடிப்படையற்றதன்று. அவித்த அரிசியின் மாவுச்சத்து சற்று மெதுவாகச் செரிக்கக்கூடியது. ஆனால் வெள்ளரிசி ஒரு கிண்ணம் உண்டவர் பொன்னியை இரண்டு கிண்ணம் உண்டால் அந்த ஆதாயம் கரைந்துவிடும். மலாக்காவின் பெயரையே தாங்கிய குலா மலாக்கா என்னும் தென்னைவெல்லத்துக்கும் இது பொருந்தும். நிறமும் மணமும் வேறானாலும் இரத்தத்தில் அதுவும் சர்க்கரையே.

சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் கால், கால், அரை என்னும் தட்டுமுறையில் கால் பங்கு சோறு அல்லது பிற மாவுணவும், கால் பங்கு மீன், கோழி, பருப்பு, முட்டை போன்ற புரதமும், அரைப் பங்கு காய்கறியும் பழமும் அமைய வேண்டும். தமிழ்த் தட்டில் இது சோற்றையும் கறியையும் இடமாற்றம் செய்வதற்கு ஒப்பாகும். லயன் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த முருங்கைக்கீரையும் சிறுகீரையும், செர்காம், உம்பாய் கடலோரத்து மீனும், துவரம்பருப்பும் கடலையும் இத்தட்டை நிரப்பப் போதுமானவை. வெளிநாட்டு ஓட்ஸும் விலையுயர்ந்த பானப் பொடிகளும் இதற்குத் தேவையில்லை. புரட்டாசியிலும் விரத நாள்களிலும் மீன் நீங்கிய இடத்தை அப்பளமும் வடையும் கூடுதல் சோறும் நிரப்புமானால் சைவம் என்பதாலேயே அவ்வுணவு நன்மை தந்துவிடாது.

கோப்பை தட்டைவிட எளிதில் மாற்றக்கூடியது. டின் பாலும் சீனியும் சேர்ந்த தே தாரிக் என்னும் தேநீரை நாளுக்கு மூன்று நான்கு முறை குடிப்பவர், பசியாறாமலேயே ஒரு வேளை உணவுக்கு நிகரான சக்தியைத் திரவமாக உட்கொள்கிறார். திரவச் சர்க்கரை வேகமாக இரத்தத்தில் கலப்பதோடு வயிறு நிறைந்த உணர்வையும் தருவதில்லை. கடையில் கூராங் மானிஸ் என்று இனிப்பைக் குறைக்கச் சொல்வதும், சில வாரங்களில் தே ஓ கோசோங் என்னும் சீனியில்லாத கறுப்புத் தேநீருக்கு நாவைப் பழக்குவதும் செலவைக் கூட்டாத மாற்றங்கள். மலேசிய அரசு 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்துப் பின்னர் அதை உயர்த்தியும் உள்ளது. எனினும் அவ்வரி ஆலைகளில் அடைக்கப்படும் பானங்களையே தொடுகிறது. உணவுக்கடையில் ஆற்றித் தரப்படும் கோப்பை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இயக்கமும் வேலை நேரமும்

தசையே குளுக்கோஸை மிகுதியாகச் செலவிடும் உறுப்பு; அது சுருங்கி விரியும்போது இன்சுலினின் துணை குறைவாக இருந்தாலும் குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும். உணவுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதுகூட இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிப்பதற்கு இதுவே காரணம். தசை குறைந்த இந்திய உடல்வாகுக்கு நடையோடு பளு தூக்குதல், படியேறுதல், மண்வெட்டி பிடித்தல் போன்ற வலுவூட்டும் வேலைகளும் தேவை.

இருப்பினும் இயக்கமின்மையைச் சோம்பல் என்று மட்டும் சுருக்கிவிடுவது நியாயமாகாது. சுழல்நேர வேலையில் இரவு விழித்துப் பகலில் உறங்குபவரின் உடற்கடிகாரம் குலைவதால் இன்சுலின் இணக்கம் குறைவதும், உறக்கக் குறைவால் பசி மிகுவதும் ஆய்வுகளில் காணப்பட்டவை. தொழிற்சாலைப் பேருந்துக்காக விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்புபவருக்கும், வீட்டுவேலையையும் வெளிவேலையையும் சேர்த்துச் சுமக்கும் பெண்ணுக்கும், உடற்பயிற்சி என்பது நேரம் உள்ளவர்களின் சலுகையாகவே தோன்றும். ஆகவே இடைவேளையில் நடப்பதற்கான ஏற்பாட்டைத் தொழிற்சாலைகளும், பாதுகாப்பான நடைபாதையை ஊராட்சி அமைப்புகளும், மாலை விளையாட்டைக் கோயில் திடல்களும் தமிழ்ப்பள்ளி வளாகங்களும் தரும்போதே தனிமனித முயற்சி நிலைக்கும்.

காலத்தே அறிதல்

2019ஆம் ஆண்டு ஆய்வில் கண்டறியப்பட்ட 18.3 விழுக்காட்டினரில் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது பெரியவர்கள் அனைவரிலும் 8.9 விழுக்காட்டினர், தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் காலில் ஆறாத புண்ணும் தோன்றிய பின் பரிசோதிப்பது, தடுப்புக்குரிய ஆண்டுகள் கைநழுவிய பின் வருவது. மலேசிய வழிகாட்டியில், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி சோதனையில் 5.7 முதல் 6.2 விழுக்காடு வரை முந்தைய நிலை எனவும் 6.3 விழுக்காடு முதல் நீரிழிவு எனவும் கொள்ளப்படுகின்றன. வெறும் வயிற்றுச் சோதனையில் லிட்டருக்கு 7 மில்லிமோல் நோயின் எல்லை. ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இயங்கும் அரசாங்கச் சுகாதார நிலையங்களும், குறைந்த வருமானமுள்ள, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசப் பரிசோதனை தரும் பெக்கா பி40 திட்டமும் இருக்கையில், இதில் தடையாக நிற்பது பணத்தைவிட அச்சமும் நேரமின்மையுமே.

கருவுற்ற காலத்தில் சர்க்கரை உயர்ந்து பேற்றுக்குப் பின் இயல்புக்குத் திரும்பிய பெண்கள் தனிக்கவனத்துக்குரியவர்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு மிகுதி. எனினும் குழந்தை பிறந்ததும் கவனம் முழுவதும் குழந்தைக்குத் திரும்பிவிடுவதால் தாயின் மறுபரிசோதனை எளிதில் மறக்கப்படுகிறது. அவர்களைத் தொடர்ந்து கவனிப்பது, தாயோடு அடுத்த தலைமுறையையும் காப்பதாகும்.

முடிவுரை

தாசிங் ஆய்வில் பங்கேற்றவர்களை முப்பது ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டபோது, ஆறாண்டு முயற்சி நீரிழிவின் வருகையைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டதும், இதய, இரத்தக்குழாய் நோய்களைக் கால்பங்கு அளவுக்குக் குறைத்ததும் தெரியவந்தன. தடுப்பு என்பது பெரும்பாலோருக்கு நோயை என்றென்றைக்குமாக விலக்குவதன்று. சிறுநீரகமும் கண்ணும் காலும் பழுதுபடாமல் கழியும் ஆண்டுகளைக் கூட்டித் தருவது. பரம்பரை என்னும் விளக்கம் இந்த ஆண்டுகளைக் கைவிடச் சொல்கிறது. எடை மட்டுமே என்னும் விளக்கம் எடை குறையாதவரைத் தோற்றவராக்குகிறது.

தோட்டக் காலத்தில் உடலை இயக்கியது தனிமனித உறுதியன்று. விடியற்காலைப் பெரட்டும், முடித்தே தீர வேண்டிய நிரையும் அதை இயக்கின. அந்தக் கட்டாயத்தின் கொடுமையை எவரும் மீட்டுக் கொணர விரும்பமாட்டார். ஆனால் அது மறைந்தபோது உடலுழைப்பைத் தாங்கி நின்ற ஒரு கூட்டு ஒழுங்கும் உடன் மறைந்தது. அந்த இடத்தைத் தனியொருவரின் மனவுறுதியைக்கொண்டு நிரப்பச் சொல்வதைவிட, குடும்பம் சேர்ந்து சோற்றைக் குறைப்பதும், அண்டை வீட்டார் சேர்ந்து நடப்பதும், கோயில் அன்னதானத்தில் காய்கறியின் பங்கைக் கூட்டுவதும், ஆண்டுக்கொரு முறை தாமானில் எல்லோருடைய இடையையும் அளவு நாடாவால் அளந்து குறித்துவைப்பதும் நடைமுறைக்கு உகந்தவை. கூலிக்காக ஒன்றுகூடிய மக்கள் தம் உடல்நலத்துக்காக ஒன்றுகூடுவதே, சென்னைச் சோதனை காட்டிய பயனை ஜாசினுக்குக் கொண்டுவரும் வழி.